மீட்டரில் பூஜ்யம், தம்பிக்குத் தலைகிறக்கம்

2022 ஜூன் மாதம். மேற்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. சின்னமுட்டத்துப் படகுகள் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கட்டிக் கிடக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, படகு பழுதுபார்க்கிற பட்டறைக்காரர்களுக்குச் சித்திரை பிறந்தால் ஆடி பாதி வரைக்கும் நிமிர நேரமிருக்காது.

குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில் என் அத்தான் ஒரு ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறார். புது வள்ளம் வார்ப்பார்கள். விசைப்படகின் மீன் அறைக்குள் இறங்கிப் புதிதாக ஃபைபர் பூசுவதும் உண்டு. மொத்தம் ஆறு பேர். நான் பதினான்கு வருஷம் வளைகுடா நாடுகளில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் கேஸ் டெஸ்டராக இருந்துவிட்டு ஊரோடு வந்தவன். டேங்குக்குள் ஆள் இறங்குவதற்கு முன்னால் காற்றைச் சோதித்து, பெர்மிட்டில் கையெழுத்துப் போடுகிற வேலை. அந்த வேலை பார்த்தவனுக்கு ஒரு திமிர் வந்துவிடும். காற்றைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்கிற திமிர்.

அன்றைக்குச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி நூல் விரிப்பில் ('மேட்' என்போம்) ஈரம் பட்டால், அதன் மேல் பூசுகிற ரெசின் என்கிற பிசின் சரியாக இறுகாது. அதனால் படகு முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். காற்று அடித்தால் விரிப்பின் நூல் பறக்கும், பூச்சு வேகமாக இறுகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. பதினொரு மணி வாக்கில் மீன் அறைக்குள் ரோலர் போட்டுக்கொண்டிருந்த சின்னப் பையன் மேலே ஏறி வந்து, மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். "தலை கிறங்குது அண்ணே" என்றான். குடித்தவனைப் போல நாக்குக் குழறியது.

"காலைல ஒண்ணும் திங்காம வந்திருப்பான் மாப்ள" என்றார் அத்தான்.

நான் வீட்டுக்குப் போய், வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த நாலு வாயு மீட்டரை எடுத்து வந்தேன். கயிற்றில் கட்டி மீன் அறைக்குள் இறக்கினேன். ஆக்சிஜன் 20.9. எரியும் வாயு பூஜ்யம். ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யம். கார்பன் மோனாக்சைடு பூஜ்யம். "காத்து நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னேன். என் பேச்சை நம்பிப் பையன் ஒரு டீ குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே இறங்கினான். ஒரு மணி நேரம் கழித்து ஏணியில் ஏறும்போது படி தவறி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டான்.

அந்தப் பூஜ்யம் என்னைத் தூங்கவிடவில்லை. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாலியெஸ்டர் ரெசினில் ஏறக்குறைய 40 சதவீதம் ஸ்டைரீன் என்கிற திரவம். ரெசின் இறுகும்வரை அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். என் மீட்டரில் எரியும் வாயுவுக்கான சென்சார் உண்டு, ஸ்டைரீனும் எரியும்தான். ஆனால் அந்த சென்சார் பார்ப்பது 'தீப்பிடிக்கிற அளவுக்கு இருக்கிறதா' என்பதை மட்டும். ஸ்டைரீன் தீப்பிடிக்கக் காற்றில் குறைந்தது 0.9 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது பத்து லட்சத்தில் 9,000 பங்கு. நாங்கள் பிபிஎம் என்று சொல்வது அந்தப் பங்கைத்தான். இந்த 9,000 பிபிஎம்மைத்தான் மீட்டர் நூறு பாகமாகப் பிரித்துக் காட்டுகிறது. அதில் 1 என்று காட்டவே 90 பிபிஎம் வேண்டும். அதற்குக் கீழே என்ன இருந்தாலும் அதற்குப் பூஜ்யம். அன்றைக்கு நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் ஸ்டைரீனுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 50 பிபிஎம். சட்டம் போதும் என்று நிறுத்துகிற அளவே, மீட்டர் கண் திறக்கிற அளவுக்குக் கீழே கிடக்கிறது. எண்ணெய் டேங்கில் என் வேலை தீயையும், மூச்சுமுட்டலையும், ஹைட்ரஜன் சல்ஃபைடையும் பார்ப்பது. அந்தக் கருவியை அப்படியே தூக்கி வந்து படகுக்குள் இறக்கியது, காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வைத்து ரத்த அழுத்தம் பார்த்ததைப் போல.

மூக்கு என்ன செய்தது என்று கேட்கலாம். ஸ்டைரீனுக்கு ஒரு மாதிரி இனிப்புக் கலந்த மணம். ஒரு பிபிஎம்மே இல்லாதபோதுகூட அது தெரிந்துவிடும். ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்கே 'ஃபைபர் பட்டறை வந்தாச்சு' என்று தெரியும். சிக்கல் என்னவென்றால், உள்ளே நிற்பவனுக்குச் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். அத்தானிடம் கேட்டால், "என்ன மணம்? எனக்கு ஒண்ணும் அடிக்கல்லியே" என்பார். இருபது வருஷமாக அதிலேயே நிற்கிறவர்.

தூத்துக்குடியில் ஒரு ஆலையில் வேலை பார்க்கும் பழைய சிநேகிதன் ஒருவன் இரண்டு நாளைக்கு பிஐடி மீட்டர் இரவல் தந்தான். உள்ளே ஒரு புற ஊதா விளக்கு இருக்கும். அந்த ஒளி பட்டு ஆவியின் மூலக்கூறு அயனியாகும்போது உண்டாகும் மின்னோட்டத்தை அளக்கிற கருவி. கரைப்பான் ஆவிகளுக்கு இது சரியான ஆள். ஆனால் இதிலும் இரண்டு இடத்தில் இடறினேன்.

முதலாவது, திரையில் தெரிகிற எண் ஸ்டைரீனின் எண் இல்லை. ஐசோபியூட்டிலீன் என்கிற வாயுவை வைத்துத்தான் இதை அளவு திருத்துவார்கள். 10.6 ஈ.வி. (எலக்ட்ரான் வோல்ட்) சக்தியுள்ள விளக்கு போட்ட கருவியில் ஸ்டைரீனுக்கு அந்த எண்ணை ஏறக்குறைய 0.4ஆல் பெருக்க வேண்டும். திரையில் 100 என்றால் நிஜம் 40. கருவியின் கையேட்டில் ஒவ்வொரு ஆவிக்கும் இந்தப் பெருக்கெண் இருக்கும். வாங்குகிறவர்கள் பலர் கையேட்டைப் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது கூத்து இன்னும் பெரிது. பையனின் மூக்குப் பக்கத்தில் கருவியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், எண் திடீரென்று 260இலிருந்து 700க்கு எகிறுகிறது. நான் பதறி எல்லோரையும் வெளியே கத்திக் கூப்பிட்டுவிட்டேன். பார்த்தால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் ரோலர் கழுவுவதற்காக அசிட்டோன் வாளியைத் திறந்திருக்கிறார். இந்தக் கருவிக்கு ஸ்டைரீனும் ஒன்றுதான், அசிட்டோனும் ஒன்றுதான், எல்லாம் சேர்ந்த ஒரே எண். அந்தச் சட்ட அட்டவணையில் அசிட்டோனுக்கு வரம்பு 750 பிபிஎம், ஸ்டைரீனுக்கு 50. ஒரே எண் ஒன்றுக்குச் சாதாரணம், இன்னொன்றுக்குக் கெடுதல். அதற்குப் பிறகு அசிட்டோன் வாளியை மூடி, பட்டறையின் மறுகோடிக்கு அனுப்பிவிட்டுத்தான் அளந்தேன். (அந்த வாளி வேறொரு காரணத்துக்காகவும் அங்கே இருக்கக் கூடாது. அசிட்டோன் ஆவி தீயைத் தேடிப் போகிற சாதி. பக்கத்தில் பீடிப் பழக்கம் உள்ள இரண்டு பேர்.)

எங்கே பிடித்து அளக்கிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மீன் அறையின் வாயில், நான் நின்ற இடத்தில், திரையில் 35. பையன் குனிந்து ரோலர் போடும்போது அவன் மூக்கருகில் 260. அவன் முழங்காலுக்குக் கீழே, ஈரமான பூச்சுக்கு ஒரு சாண் மேலே, 380. மூன்றும் ஒரே நேரம், ஒரே படகு. வெளியே இருந்து கயிறு கட்டி இறக்கினால் கயிறு நின்ற இடத்துக் காற்று தெரியும், அவ்வளவுதான். மூக்கைச் சுற்றி ஒரு அடிக்குள் இருக்கிற காற்றைத்தான் மனிதன் சுவாசிக்கிறான், அளவும் அங்கேதான் எடுக்க வேண்டும். எண்ணெய் டேங்கில் ஆள் இறங்கும் முன்னால் அளப்போம். இங்கே அது போதாது. வேலை தொடங்கினால்தான் ஆவியே வரும். காலை எட்டு மணிக்கு அளந்தால் அது உப்புக் காற்றுதான்.

சரி, பிஐடி அந்த நொடியைக் காட்டும். ஒரு நாள் முழுக்க ஒருவன் எவ்வளவு இழுத்தான் என்று தெரிய வேண்டுமானால் கரிக்குழாய் வேண்டும். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், உள்ளே முன்பகுதியில் 100 மில்லிகிராம், பின்பகுதியில் 50 மில்லிகிராம் கரி. சட்டைக் காலரில் குத்திவிட்டு, இடுப்பில் ஒரு சின்ன பம்ப். அந்தக் கரி எதில் செய்தது என்று கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரட்டைக் கரி! அமெரிக்க ஆய்வகங்களின் அளவு முறையிலேயே தேங்காய்ச் சிரட்டைக் கரி என்று எழுதியிருக்கிறது. நுண்துளைகள் நிறைய இருப்பதால் ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் கரண்டியாகவும் அடுப்புக்கும் போடுகிற சாமான் அங்கே விஞ்ஞானியாகிவிட்டது.

நிமிடத்துக்கு 50 மில்லி வீதம் மூன்று மணி நேரம் ஓடவிட்டேன், 9 லிட்டர் காற்று. ஓட்டத்தை ஆரம்பத்திலும் முடிவிலும் சரிபார்த்துக் குறித்துக்கொண்டேன். உடைத்து உடனே மூடிய குழாய் ஒன்றைக் காற்று இழுக்காமல் கூடவே வைத்தேன். வழியில் அழுக்குச் சேர்ந்திருந்தால் அது காட்டிக்கொடுக்கும். குழாயின் பின்பகுதிக் கரியிலும் ஸ்டைரீன் கணிசமாக இருந்தால் முன்பகுதி நிரம்பி வழிந்துவிட்டது என்று அர்த்தம், அந்த அளவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டியில், புதுப் பெட்டிதான், ஐஸ் பொட்டலம் வைத்து சென்னையில் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பெட்டி கிடைத்ததும் அங்கிருந்து போன். "சார், மீன் ஏதும் மாத்தி அனுப்பிட்டீங்களா?"

பத்து நாளில் முடிவு வந்தது. மீன் அறையில் இருந்த மூன்று மணி நேரத்துக்குச் சராசரி 96 பிபிஎம். மீதி ஐந்து மணி நேரம் வெளியே மற்ற வேலை, அங்கே 14 என்று எடுத்துக்கொண்டேன். மூன்று தொண்ணூற்றாறு 288, ஐந்து பதினாலு 70, கூட்டி எட்டால் வகுத்தால் 44.75. சட்ட வரம்பான 50க்கு உள்ளே!

அத்தானுக்கு மகா சந்தோஷம். "பாத்தியா மாப்ள, பாஸ்."

இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது. மூன்று மணி நேரச் சராசரியே 96 என்றால், நடுவில் கால் மணி நேரமாவது 100ஐத் தாண்டாமல் இருந்திருக்காது. கால் மணி நேர வரம்பு 100. அது போக, 50 என்பது பழைய எண். அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர் அமைப்பு 2020இல் தன் பரிந்துரையை 10 பிபிஎம்முக்கு இறக்கிவிட்டது. அதே அமெரிக்காவின் சட்ட வரம்போ இன்றைக்கும் 100. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகுப்புக்கு ஏற்றியது. எந்த எண்ணைப் பிடித்துக்கொள்வது? என்னைக் கேட்டால், பையன் வாந்தி எடுத்ததே ஒரு அளவுதான். அதை விட்டுவிட்டு 44.75ஐக் கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றில் ரசாயன அளவுக்கு வரம்பு வைக்கிற பிரிவும் அட்டவணையும், போபாலில் 1984இல் அத்தனை பேர் செத்த பிறகு, 1987 திருத்தத்தில்தான் தொழிற்சாலைகள் சட்டத்துக்குள் நுழைந்தது. அதுவும் அன்றைய கணக்கில் மின்சாரத்தோடு 10 பேர், இல்லாமல் 20 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை. ஆறு பேர் பட்டறைக்கு எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. கடற்கரை நெடுக இருக்கிற இந்த மாதிரிப் பட்டறைகளில் காற்றைப் பார்க்கிற ஒரே அதிகாரி, அங்கே வேலை செய்கிறவனின் தலைவலிதான்.

என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். செலவு அதிகமில்லாதது முதலில். ரெசின் வாளிக்கு மூடி. கலக்குவது படகுக்கு வெளியே. அசிட்டோன் துணிகளுக்கு மூடி போட்ட தகர டப்பா. தார்ப்பாயை முழுக்க இறக்காமல், காற்று வருகிற பக்கமும் போகிற பக்கமும் ஒரு முழம் தூக்கிக் கட்டினோம். காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நல்லவேளை, ரெசின் டப்பா திறக்கும் முன்னால் சொன்னார். ஊதுபத்திக்குப் பதிலாகப் பாலித்தீன் பையை ரிப்பனாகக் கிழித்து அறை வாயில் கட்டினோம். அது ஆடாமல் தொங்கினால் உள்ளே ஆள் இறங்கக் கூடாது என்பது விதி.

பெரிய மாற்றம், ஊதுவிசிறியும் பதினைந்தடி மடக்குக் குழாயும். உள்ளே இருக்கிற ஆவியை வெளியே உறிஞ்சுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ஆனால் உறிஞ்சினால் அந்த ஆவி மோட்டார் வழியாகத்தான் போக வேண்டும், சாதாரண மோட்டாரில் பொறி பறக்கும். அதனால் மோட்டாரை வெளியே வைத்து, சுத்தமான காற்றைக் குழாய் வழியாக அறையின் அடித்தளத்துக்குத் தள்ளினோம். அடியில் தேங்கியது மேலே கிளம்பி வாய் வழியாக வெளியேறிவிடும்.

இரண்டாம் நாள் மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டரைப் போட்டார்கள், வேலை நடந்தது. கொஞ்ச நேரத்தில் பையனின் சட்டையில் மாட்டியிருந்த என் பழைய நாலு வாயு மீட்டர் கத்தத் தொடங்கியது. கார்பன் மோனாக்சைடு 38. கச்சான் காற்று அடிக்கிற பக்கத்தில் ஜெனரேட்டர், அதன் புகையை ஊதுவிசிறி வாங்கிக் குழாய் வழியாகப் பையனின் முகத்துக்கே கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. முதல் நாள் என்னை ஏமாற்றிய அதே மீட்டர். அதைக் குறை சொன்னதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஜெனரேட்டரை எதிர்ப்பக்கம் இடம் மாற்றியதும் எண் இறங்கிவிட்டது.

முகமூடி விஷயத்திலும் ஒரு குழப்பம் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு எல்லோரிடமும் என்95 இருக்கிறது. பெரியவர் அதைப் போட்டுக்கொண்டு தைரியமாக இறங்குவார். அது தூசிக்கு. ஆவிக்கு அதைப் போடுவது, வேலி கட்டிக் காற்றைத் தடுக்கிற கதை. கரிம ஆவிக்கான கரி டப்பா வைத்த அரை முகமூடி வாங்கினோம், மறுபடியும் கரிதான். தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். வேலை முடிந்ததும் டப்பாவைத் திறந்து ஆணியில் மாட்டினால் அது ராத்திரி முழுக்கப் பட்டறைக் காற்றைக் குடித்துக் காலையில் தீர்ந்துபோயிருக்கும். மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறோம். மணம் வந்தால் மாற்றலாம் என்று இருந்துவிடக் கூடாது, மூக்கின் லட்சணம்தான் முன்பே சொன்னேனே. இத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று வைத்து, தேதியை டப்பா மேலேயே எழுதி மாற்றுகிறோம்.

மறுபடி கரிக்குழாய் வைத்து அளந்தபோது மீன் அறையில் 22, வெளியே 8. எட்டு மணி நேரச் சராசரி 13க்குக் கொஞ்சம் மேலே. ஆளை மாற்றி மாற்றி ஒன்றரை மணி நேரம் வீதம் இறக்கினால் ஒருவருக்கு 10.6 வரை வருகிறது. அத்தானுக்கு இந்த ஏற்பாடு பிடித்துவிட்டது, செலவில்லையே. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விஷத்தைக் குறைக்காமல் பங்கு வைக்கிற வேலை அது.

இந்தச் செய்தி பரவி, பக்கத்து ஐஸ் ஆலைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அங்கே அம்மோனியா. அதன் மணம் பொறுக்க முடியாமல் ஆளை ஓடவைத்துவிடும், அந்த வகையில் அது ஸ்டைரீனைவிட நேர்மையானது. வரம்பு 25 பிபிஎம், 300ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பழைய ஆபரேட்டர்கள் கந்தகத் திரியைக் கொளுத்தி இணைப்புகள் மேல் காட்டுவார்கள், கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை எழும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க அது போதும். ஆனால் ஆள் தூங்குகிற நேரத்தில் கத்துவதற்கு சென்சார் வேண்டும். அவர் ஒன்று மாட்டியிருந்தார், தரையிலிருந்து இரண்டடியில். அம்மோனியா வாயு காற்றைவிட லேசு, கூரைப் பக்கம்தான் சேரும். பெரிய கசிவில் குளிர்ந்த பனிமூட்டமாகத் தரையோடு வருவதும் உண்டு என்பதால் கீழே இருந்ததை எடுக்காமல், மேலே இன்னொன்று போடச் சொன்னேன். அந்த மின்வேதியியல் சென்சாருக்கு ஆயுசும் குறைவு. எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிற ஆலையில் அதை முகர்ந்து முகர்ந்தே சீக்கிரம் செத்துவிடும், ஆனால் திரையில் 0 என்று சாதுவாக நிற்கும். சோதனை வாயுவைக் காட்டிப் பார்த்தோம், அசையவே இல்லை. எத்தனை மாதமாக அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் பட்டறைப் பெரியவர் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவார். கடற்கரைக்காரர்கள் எல்லோருமே அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்கள், அதனால் யாரும் அதைக் கவனித்ததில்லை. ஸ்டைரீன் காது நரம்பையும் பாதிக்கும், கிரைண்டர் சத்தத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம் என்று படித்தபோது அவர் ஞாபகம் வந்தது. நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்க் காதைச் சோதித்தோம். இரண்டு காதிலும் கூர்மையான ஒலிகள் பாதிக்கு மேல் போயிருக்கின்றன. வயசா, கிரைண்டரா, ரெசினா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

போன ஜூனில் மறுபடி பம்ப் இரவல் வாங்கி வந்தபோது, பையன் தானே வந்து குழாயை வாங்கிக்கொண்டான். அவன் காலரில் குத்தப் போனேன். "எனக்கு வேண்டாம் அண்ணே, இந்த வாட்டி அவருக்குக் குத்துங்க" என்று பெரியவரைக் கை காட்டினான். பெரியவருக்கு அவன் சொன்னது கேட்கவில்லை. "என்னலே?" என்று அவர் கத்த, அவன் பக்கத்தில் போய், காதோடு வாயை வைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.